சங்கு ஊதாத ஆபீஸ்



திண்டுக்கல்லைச் சுற்றி நூற்பாலைகளுக்குப் பஞ்சமில்லை. வேடசந்தூர்ப் பக்கமிருந்து வருகிற நண்பர்களைக் கேட்டால் தெரியும். பகல் ஷிப்டு, அரை ஷிப்டு, ராத்திரி ஷிப்டு என்று மில் வேன்கள் ஊருக்குள் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போகும், இறக்கிவிட்டுப் போகும். கஷ்டமான வேலைதான். ஆனாலும் அதில் ஒரு நிம்மதி உண்டு. சங்கு ஊதினால் மெஷினை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம்.

நாம் படிக்கிற படிப்புக்கு அந்தச் சங்கு கிடையாது. சாயங்காலம் காலேஜ் விட்டதும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது ஒரு பிளான் போடும் ஆபீசுக்குப் பார்ட் டைம் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஆறு மணிக்கு உட்கார்ந்தால், இதோ இந்த எலிவேஷனை மட்டும் முடித்துவிட்டுப் போப்பா என்பார்கள். அதை முடித்தால் பார்ட்டி ஜன்னலை மாற்றச் சொல்லிவிட்டார் என்பார்கள். மணியைப் பார்த்தால் பத்தரை. நத்தத்துக்குக் கடைசி பஸ் போயிருக்கும். நானும் ஒரு வருஷம் அப்படி ஓடியவன்தான். ஒரு ராத்திரி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு கேள்வி வந்தது. உலகத்தில் பெரிய பெரிய கட்டடங்களைப் போட்டவர்கள் எல்லாம் எந்த நேரத்தில் வேலை பார்த்திருப்பார்கள்? காலை ஒன்பதுக்கு வந்து மாலை ஐந்துக்குப் போயிருப்பார்களா?

அப்படித் தேடிப் படித்ததில் கிடைத்தவர்தான் லூயி கான். அகமதாபாத்தில் ஐ.ஐ.எம். கட்டடத்தையும் டாக்காவில் பாராளுமன்றத்தையும் வடிவமைத்த அமெரிக்கர். கான் என்றதும் நம்ம பேகம்பூர்க்காரராக இருப்பாரோ என்று நினைத்துவிடாதீர்கள்! அவர் ஒரு யூதர். ராத்திரி ஷிப்டுக்கென்றே பிறந்த மனிதர். அவருடைய கதையில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது, கற்றுக்கொள்ளக் கூடாததும் இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

கரித்துண்டும் பியானோவும்

கான் பிறந்தது 1901-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி, அன்றைய ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த எஸ்தோனியாவில். மூன்று வயதில் அடுப்புத் தணலின் அழகில் மயங்கிப் பக்கத்தில் போனதில் தீக்காயம் பட்டு, முகத்தில் ஏற்பட்ட தழும்பு கடைசிவரை போகவில்லை. குடும்பம் 1906-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குக் குடிபெயர்ந்தது. ஏழைக் குடும்பம். பென்சில் வாங்கக் காசில்லாமல், குச்சிகளைச் சுட்டுக் கரியாக்கி அதில் படம் வரைந்த பிள்ளை அவர். பிற்காலத்தில் எவ்வளவு பெரிய ஆளான பிறகும் அவர் கையில் பெரும்பாலும் இருந்தது அதே கரித்துண்டுதான் என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது, இல்லையா?

ஓவியம் படிக்க அவருக்கு முழு உதவித்தொகை கிடைத்தது. ஆனால் பள்ளியின் கடைசி வருஷத்தில் கட்டடக் கலையைப் பற்றி ஒரு பாடம் நடந்திருக்கிறது. அதைக் கேட்டதும் மனசு மாறிவிட்டது. உதவித்தொகையை விட்டுவிட்டுக் கட்டடக் கலை படிக்கப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பீஸ் யார் கட்டுவது? அது ஊமைப்படக் காலம். தியேட்டரில் படம் ஓடும்போது கூடவே ஒருவர் பியானோ வாசிக்க வேண்டும். கான் அந்த வேலையைப் பிடித்தார். பகலில் கல்லூரி, சாயங்காலம் பியானோ, அதற்குப் பிறகுதான் தன் வரைபடம். நம்மில் பார்ட் டைம் போகிறவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. அவருடைய வினோதமான வேலை நேரம் இங்கேதான் தொடங்கியது. பிறகு அது பழக்கமாகிப்போனது. 1924-ல் பட்டம் வாங்கினார்.

வேலை இல்லாத காலம்

படித்து முடித்த கையோடு நல்ல வேலை கிடைத்தது. 1926-ல் பிலடெல்பியாவில் நடந்த பெரிய கண்காட்சியின் கட்டடங்களுக்கு வரைபடக் குழுவின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அப்போது வயது 25. அடுத்து ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். 1930-ல் எஸ்தர் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார்.

அதோடு சரி. 1929-ல் தொடங்கிய பொருளாதார மந்தம் அமெரிக்காவையே புரட்டிப் போட்டது. கட்டுவதற்கு ஆள் இல்லை என்றால் வரைவதற்கு மட்டும் எங்கிருந்து வேலை வரும்? கான் வேலையை இழந்தார். அவரைப் போலவே வேலை இழந்த இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு 1932-ல் ஓர் ஆராய்ச்சிக் குழு அமைத்தார். சம்பளம் கிடையாது. ஏழைகளுக்கு மலிவாக எப்படி வீடு கட்டலாம் என்று உட்கார்ந்து வரைந்துகொண்டே இருந்தார்கள்.

அப்போது சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். எஸ்தர் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர். காலையில் போய் மாலையில் வரும் வேலை, மாதா மாதம் சம்பளம். குடியிருந்தது எஸ்தரின் பெற்றோர் வீட்டில். பல வருஷங்கள் குடும்பம் ஓடியது பெரும்பாலும் எஸ்தரின் சம்பளத்தில்தான். கானுடைய ஒழுங்கில்லாத நேரத்துக்கு அஸ்திவாரம், எஸ்தருடைய ஒழுங்கான நேரம். கட்டடத்தைப் பார்க்கிறவர்கள் அஸ்திவாரத்தைப் பார்ப்பதில்லை. சரித்திரத்திலும் அப்படியே ஆகிவிடுகிறது.

1935-ல் சொந்தமாக ஆபீஸ் போட்டார். போட்டாரே தவிர, பெரிசாக ஒன்றும் நடக்கவில்லை. தொழிலாளர் குடியிருப்புகள், சின்னச் சின்ன வீடுகள் என்று பத்துப் பதினைந்து வருஷம் போனது. 1947 முதல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை. பிலடெல்பியாவிலிருந்து ரயிலில் போய்ப் பாடம் நடத்திவிட்டு வருவார். கையில் எப்போதும் ஸ்கெட்ச் புத்தகம்.

ஐம்பது வயதில்...

1950-51-ல் ரோம் நகரிலுள்ள அமெரிக்கக் கல்விக்கழகத்தில் சில மாதங்கள் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கிருந்து கிரீஸ், எகிப்து என்று போய் இடிபாடுகளையும் பிரமிடுகளையும் பார்த்தார். கண்ணாடியும் இரும்பும் ஒட்டிய மெல்லிய கட்டடங்கள்தான் அப்போது நாகரிகம். கானுக்கோ கனமான சுவரும், அதில் விழுகிற வெளிச்சமும் மனசில் பதிந்துவிட்டன. திரும்பி வந்து யேல் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கலைக்கூடம் கட்டினார். 1953-ல் அது திறக்கப்பட்டபோது அவருக்கு வயது 52. அதுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்க்க வைத்த முதல் கட்டடம்.

நண்பர்களே, நன்றாகக் கவனியுங்கள். அரியர் வைத்துவிட்டோமே, இருபத்தொரு வயதாகிவிட்டதே என்று புலம்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன். இன்று உலகம் முழுக்கப் பாடமாக வைக்கப்பட்டிருக்கும் கானுடைய கட்டடங்கள் எல்லாமே அவர் ஐம்பதைத் தாண்டிய பிறகு, கடைசி இருபது சொச்சம் வருஷங்களில் வந்தவை.

விளக்கு அணையாத ஐந்தாம் மாடி

1957-ல் அவர் தான் படித்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கே பேராசிரியராக வந்தார். சாகும்வரை அந்தப் பதவியை விடவில்லை. கரும்பலகையில் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் வரைவாராம். பிற்பகலில் வகுப்பு. வகுப்பு என்றால் மணி அடித்ததும் முடிகிற வகுப்பு இல்லை. பேசிக்கொண்டே போவார்.

அதை முடித்துவிட்டு மற்றவர்கள் வீடு திரும்புகிற நேரத்தில் அவர் ஆபீசுக்கு வருவார். 1962 முதல் அந்த ஆபீஸ், பிலடெல்பியாவில் வால்நட் தெரு 1501-ம் எண் கட்டடத்தின் ஐந்தாவது மாடி. ராத்திரியில் அந்த மூலையில் மட்டும் விளக்கு எரியும். ஒவ்வொரு மேஜையாகப் போய், பகலில் பையன்கள் போட்டு வைத்திருக்கும் டிராயிங் மேல் மஞ்சள் டிரேசிங் பேப்பரை விரித்து, கரித்துண்டால் புதிதாக ஒன்று போடுவார். பத்து நாள் வேலை ஒரு நிமிஷத்தில் போச்சு! மறுபடியும் முதலிலிருந்து. களைத்துப்போனால் அங்கேயே சற்று நேரம் படுத்துத் தூங்குவார். எழுந்து திரும்பவும் மேஜைக்கு. சனி, ஞாயிறு, பண்டிகை நாள் என்ற கணக்கு அவருக்குக் கிடையாது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் கிடையாது. ஊழியர்கள் பகலில் ஒரு ஷிப்டு, ராத்திரியில் கானோடு இன்னொரு ஷிப்டு பார்த்தார்கள். இதில் மகிழ்ச்சி இல்லாமலும் இல்லை. பேரும் பெருமையும் உள்ள பேராசிரியர் நடு ராத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படிக்கட்டைப் பற்றி விவாதிக்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. திருத்தித் திருத்திப் போடுவதற்குப் பார்ட்டியிடம் காசு கேட்க முடியாது. வேலை பெருகப் பெருக ஆபீசின் கடனும் பெருகியது. அவரோடு நெடுநாள் பழகிய ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் ஆகஸ்ட் கோமென்டன்ட், கானுக்கு வியாபாரம் வராது என்பதைப் பிற்காலத்தில் வருத்தத்தோடு எழுதி வைத்திருக்கிறார்.

அப்படித் திருத்தியதால் வந்த நன்மைக்கு ஓர் உதாரணம். கலிபோர்னியாவில் கடற்கரை ஓரமாக சால்க் ஆராய்ச்சி நிலையம். போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனஸ் சால்க்குக்காக 1959-ல் தொடங்கி 1965-ல் முடிந்த வேலை. வரைபடங்கள் ஏறக்குறைய முடிந்த நிலையில், இது வேண்டாம் என்ற முடிவுக்கு சால்க் வந்தார். முதலில் இரண்டு முற்றங்கள் இருந்தன. ஒரே முற்றம் போதும் என்று ஆகிவிட்டது. கான் மறுக்கவில்லை. மறுபடியும் புதிதாகப் போட்டார். இன்று கடலைப் பார்த்தபடி இருக்கும் அந்த ஒற்றை முற்றத்தைத்தான் உலகமே படம் எடுக்கிறது. சிவில் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே ஆய்வுக்கூடத்தின் நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. குழாய், ஒயர் எல்லாம் போக ஒரு ஆள் நடக்கிற உயரத்துக்கு டிரஸ் வைத்துத் தளத்தைத் தாங்க வைத்தவர் மேலே சொன்ன கோமென்டன்ட்தான்.

அவருடைய ராத்திரி, நம்முடைய பகல்

1961-ல் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் தொடங்கப்பட்டது. அதற்குக் கட்டடம் வேண்டும். விக்ரம் சாராபாயும் தொழிலதிபர் கஸ்தூர்பாய் லால்பாயும் முன்நின்ற காரியம் அது. இளம் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷியை அணுகினார்கள். தோஷி பெரிய மனசுக்காரர். இந்த வேலைக்கு கான்தான் சரி என்று அவரை வரவழைத்தார். 1962-ல் கான் முதன்முதலாக அகமதாபாத் வந்தார். அதே ஆண்டு கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த டாக்காவிலும் ஒரு பெரிய வேலை வந்தது. பாராளுமன்றக் கட்டடம்! அதற்கு அவரைச் சிபாரிசு செய்தவர்களில் முக்கியமானவர் வங்காளக் கட்டடக் கலைஞர் மஸ்ஹருல் இஸ்லாம்.

பிலடெல்பியாவில் குளிர்காலத்து ராத்திரி பத்தரை என்றால் அகமதாபாத்தில் மறுநாள் காலை ஒன்பது. அதாவது, அங்கே கான் மேஜைக்கு உட்காருகிற நேரத்தில் இங்கே கொத்தனாரும் சித்தாளும் வேலைக்கு வந்துகொண்டிருப்பார்கள். மொபைலும் வாட்ஸ்அப்பும் இல்லாத காலம். கடிதம், தந்தி, டிரங்க் கால், இல்லாவிட்டால் விமானம். தன் கடைசி பன்னிரண்டு வருஷங்களில் கான் இந்தத் துணைக் கண்டத்துக்கு மீண்டும் மீண்டும் வந்து போனார். இங்கே அனந்த் ராஜே போன்ற இந்தியக் கலைஞர்கள் வேலையைத் தாங்கிப் பிடித்தார்கள். ராஜே பிலடெல்பியா ஆபீசிலேயே சில வருஷம் இருந்து பயின்று வந்தவர்.

ஐ.ஐ.எம்.-ல் கான் பயன்படுத்தியது நம்ம ஊர்ச் சூளையில் கிடைப்பது போன்ற சாதாரணச் செங்கல். செங்கல்லோடு இவர் பேசுவார், உனக்கு என்னவாக வேண்டும் என்று அதையே கேட்பார் என்பது உலகப் பிரசித்தம். கேட்டதற்குச் செங்கல் சொன்ன பதில் ஆர்ச்! பெரிய பெரிய வளைவுகளைச் செங்கல்லிலேயே கட்டி, அவை பக்கவாட்டில் விரிந்துவிடாமல் இருக்கக் குறுக்கே காங்கிரீட் விட்டம் கொடுத்தார். அமுக்குவிசையைச் செங்கல் பார்த்துக்கொள்ளும், இழுவிசையைக் கம்பி போட்ட காங்கிரீட் பார்த்துக்கொள்ளும். நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற பாடம் அங்கே சுவராக நிற்கிறது. அந்த விட்டமும் வளைவும் சேர்ந்த உருவம்தான் இன்று ஐ.ஐ.எம்.-ன் முகம். வெயிலுக்கு ஒதுங்க ஆழமான தாழ்வாரங்கள், காற்று வர வட்ட வட்டத் திறப்புகள்.

குறையையும் சொல்ல வேண்டும். பல பத்தாண்டு மழையில் செங்கல் ஊறியது. 2001 குஜராத் பூகம்பத்தில் விரிசல் விட்டது. 2020 டிசம்பரில், 18 விடுதிகளில் 14-ஐ இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. உலகமெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதால் 2021 ஜனவரி தொடக்கத்தில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. 2022-ல் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுபடியும் பேச்சு எழுந்தது. எவ்வளவு பெரிய மேதை ராக்கண் விழித்துப் போட்டாலும் தண்ணீரும் செங்கல்லின் தரமும் தங்கள் கணக்கைப் பார்க்காமல் விடுவதில்லை.

ஒரு நாளைக்கு ஐந்தடி

டாக்கா பாராளுமன்றத்தின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்கு நடுவே மலை மாதிரி சாம்பல் நிறக் காங்கிரீட் கட்டடம். பெரிய வட்டமும் முக்கோணமும் வெட்டி எடுத்த சுவர்கள். அந்தச் சுவர்களில் குறுக்கே வரி வரியாக வெள்ளைக் கோடு தெரியும். அது என்ன தெரியுமா? பளிங்குக்கல் பட்டை.

அந்தச் சுவர்களை எழுப்பியவர்கள் மூங்கில் சாரத்தில் ஏறித் தலையில் கூடை சுமந்த ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும். ஒரு நாளில் அவர்களால் நல்லபடியாக ஊற்ற முடிந்தது ஐந்தடி உயரம். அதற்கு மேல் போனால் தரம் போய்விடும். இன்றைக்கு ஊற்றிய காங்கிரீட்டும் நாளைக்கு ஊற்றப்போகிற காங்கிரீட்டும் சேருகிற இடம் அசிங்கமாகத்தான் இருக்கும். அதைத்தான் நாம் கன்ஸ்ட்ரக்ஷன் ஜாயின்ட் என்கிறோம். வழக்கமாக அதை மறைக்கப் பார்ப்போம், சிமென்ட் பால் அடிப்போம். கான் மறைக்கவில்லை. ஒவ்வொரு ஐந்தடிக்கும் ஒரு வெள்ளைப் பளிங்குப் பட்டை வைத்தார். இன்றைய வேலை இத்தோடு முடிந்தது என்பதற்கு அடையாளமாக அது அமைந்துவிட்டது. மழைத் தண்ணீர் சுவர் முழுக்க வழிந்து கறை பிடிக்காமலும் அது காக்கிறது.

1971 விடுதலைப் போரின்போது வேலை நின்றது. பங்களாதேஷ் பிறந்த பிறகு, புதிய அரசும் அதே வரைபடத்தை வைத்தே வேலையைத் தொடர்ந்தது. ராணுவ ஆட்சியாளர் தொடங்கிய கட்டடம் ஒரு புதிய தேசத்தின் பெருமையானது. கட்டடம் நிறைவடைந்தது 1980-களின் தொடக்கத்தில். 1989-ல் அதற்கு ஆகா கான் விருது கிடைத்தது. அதைப் பார்க்க கான் இல்லை.

ஊழியர்களின் ஒரு நாள் உழைப்புக்கு அளவு வைத்து, அதைச் சுவரிலேயே பளிங்கால் குறித்த அந்த மனிதர், தன் ஒரு நாளுக்கு மட்டும் அந்தக் கோட்டைப் போடவே இல்லை. எனக்கு இதுதான் மனசை உறுத்துகிறது.

வீடு

இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் பாதி வாழ்க்கையைச் சொல்லிவிட்டுப் பாதியை மறைத்தால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது.

எஸ்தருக்கும் கானுக்கும் 1940-ல் ஒரு மகள் பிறந்தாள். அது தவிர, ஆபீசில் அவரோடு வேலை பார்த்த கட்டடக் கலைஞர் ஆன் டிங் மூலம் 1954-ல் ஒரு மகள். தோட்டக்கலை வடிவமைப்பாளர் ஹாரியட் பாட்டிசன் மூலம் 1962-ல் ஒரு மகன். ஆன் டிங் சாதாரணப்பட்டவர் அல்லர். கணிதமும் வடிவமும் அறிந்தவர். கானுடைய 1950-களின் கட்டடங்களில் அவருடைய மூளை கலந்திருக்கிறது. ஆனால் பெயர் எல்லாம் கானுக்கே போனது.

மூன்று வீடுகளுக்கும் கான் எப்போது வருவார், எப்போது போவார் என்பது யாருக்கும் நிச்சயமில்லை. எங்கே போனாய் என்று கேட்டால் ஆபீஸ் என்ற பதில் இருந்தது, விமானம் என்ற பதில் இருந்தது. நேரக்கட்டுப்பாடு இல்லாத வேலை எவ்வளவு வசதியான திரையாகவும் ஆகிவிடுகிறது பாருங்கள்! மகன் நதானியேலுக்கு அப்பா என்பவர் மாலையில் வந்து கதை சொல்லிவிட்டு, விடிவதற்குள் போய்விடுகிற ஒருவர். அப்பா சாகும்போது அவனுக்கு வயது 11. வளர்ந்த பிறகு அப்பாவைத் தேடி அவர் கட்டிய கட்டடங்களுக்கெல்லாம் பயணம் போய், 2003-ல் மை ஆர்கிடெக்ட் என்ற ஆவணப்படம் எடுத்தார். அது ஆஸ்கார் போட்டிக்கும் போனது. வீட்டில் கிடைக்காத அப்பாவை ஒரு பிள்ளை காங்கிரீட் சுவர்களில் தேடித் திரிந்தான். வேறெப்படிச் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை

1974 மார்ச். கானுக்கு 73 வயது. அகமதாபாத்துக்கு வந்து வேலைகளைப் பார்த்துவிட்டு, தோஷியிடம் விடைபெற்று விமானம் ஏறினார். லண்டன் வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து பிலடெல்பியாவுக்கு ரயில் பிடிக்க வேண்டும். பென்சில்வேனியா ஸ்டேஷன் கழிப்பறையில் மாரடைப்பு வந்து விழுந்தார். அன்று மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை.

நியூயார்க் போலீஸ் அவருடைய ஆபீஸ் முகவரியைக் கண்டுபிடித்துப் பிலடெல்பியா போலீசுக்குத் தகவல் கொடுத்தது. அவர்கள் போய்ப் பார்த்தபோது ஆபீஸ் பூட்டியிருந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் விளக்கு எரிந்த அந்த ஐந்தாம் மாடி, அந்த ஒரு ஞாயிறு மட்டும் பூட்டு! தகவல் அப்படியே நின்றுபோனது. கணவரைக் காணோமே என்று எஸ்தர் தவித்துத் தேட, இரண்டு நாள் கழித்துத்தான் அவர் நியூயார்க் பிணவறையில் இருப்பது தெரிந்தது. ஊருக்குப் போய்த் தாமதமாக வருவதும் சொல்லாமல் இருப்பதும் அவருக்கு வழக்கம்தானே. வரவில்லை என்றால் உடனே சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

அவர் விட்டுப்போன கடன் சுமார் 5 லட்சம் டாலர். ஆபீசின் வரைபடங்களையெல்லாம் பென்சில்வேனியா மாநில அரசு விலைக்கு வாங்கிக் கடனைத் தீர்க்க வழி செய்தது. அவை இன்றும் அவர் படித்த பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. டாக்கா வேலையை, அவரோடு பல வருஷம் ராத்திரி விழித்த டேவிட் விஸ்டம், ஹென்றி வில்காட்ஸ் முதலியவர்கள் சேர்ந்து கடைசிவரை நடத்தி முடித்துக் கொடுத்தார்கள். அகமதாபாத் வேலையை ராஜே தொடர்ந்தார். தலைவர் போன பிறகும் நின்று முடித்த அந்த உழைப்பாளிகளுக்கு ஒரு சல்யூட்!

நமக்கு என்ன?

நண்பர்களே! இதைப் படித்துவிட்டு ராத்திரி வேலையே தப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நம்ம தொழிலில் நேரம் முன்னே பின்னே ஆகத்தான் செய்யும். கூரை காங்கிரீட் போடுகிற அன்று சாயங்காலம் ஆறு மணி ஆயிற்று என்று மிக்ஸரை நிறுத்திவிட்டுப் போக முடியுமா? சித்திரை வெயிலில் நம்ம ஊரில் மத்தியானம் கொத்து வேலை பார்ப்பதைவிட விடியற்காலையில் தொடங்குவது ஆளுக்கும் நல்லது, சுவருக்கும் நல்லது. நம்ம பூ மார்க்கெட்டைப் பாருங்கள். ஊர் தூங்கும்போதே விழித்துவிடுகிறது. யோசனை வருகிற நேரமும் ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு அதிகாலை, சிலருக்கு நடு ராத்திரி. கானுக்கு ராத்திரியில்தான் வந்தது. அந்த ராத்திரிகள் இல்லாவிட்டால் சால்க் இல்லை, ஐ.ஐ.எம். இல்லை, டாக்கா இல்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் மூன்று விஷயத்தை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒன்று, நேரம் நம் இஷ்டம் என்றால் அந்த இஷ்டத்துக்கு விலை கொடுப்பது யார் என்று பார்க்க வேண்டும். வீட்டில் சோற்றை மூடி வைத்துவிட்டுத் தூங்காமல் காத்திருக்கிற அம்மாவா? கூட வேலை பார்க்கிற ஜூனியரா?

இரண்டு, நாளைக்கு நாமே ஆபீஸ் போடுவோம். நம்மிடமும் பையன்கள் பார்ட் டைம் வருவார்கள். அப்போது கடைசி பஸ் நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டி வைப்போம். கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் சம்பளம் கொடுப்போம். ஆர்வத்தோடு வருகிறவனுடைய ஆர்வத்தையே அவனுக்குச் சம்பளமாகக் கொடுக்கிற வேலை வேண்டாம்.

மூன்று, மில்லில் சங்கை இன்னொருவர் ஊதுகிறார். நமக்கு ஊத ஆள் இல்லை. ஆகவே நாமேதான் ஊதிக்கொள்ள வேண்டும்.

நான் இப்போது அந்த ஆபீசுக்குப் போவதில்லை. வேறொரு இடத்தில் காலை ஆறிலிருந்து எட்டரை வரை வரைகிறேன். அதன் பிறகு காலேஜ். ராத்திரி ஒன்பதரை பஸ்ஸில் ஊர் திரும்பி வீட்டில் சாப்பிடுகிறேன். சம்பளம் கொஞ்சம் குறைவுதான். பரவாயில்லை. வரைந்து முடித்ததும் டைரியில் அன்றைய தேதிக்குக் கீழே ஒரு கோடு போடுகிறேன். பளிங்குக் கோடு இல்லை, பால்பாயின்ட் கோடுதான். அதற்குக் கீழே அன்றைக்கு ஒன்றும் எழுதுவதில்லை.

நீங்களும் போட்டுப் பாருங்கள்!

வாழ்த்துக்களுடன்,
மூன்றாமாண்டு சிவில் மாணவன்